கோர்ட்டுக்கு எதிர்த்த கடை

குழித்துறையில் கோர்ட்டுக்கு எதிரே
நாலு மேசை, ஒரு கை கழுவும் தொட்டி.
போர்டு ஒக்கிக் காற்றில் போனது,
புதிதாக எழுதவில்லை.
சொர்ணபாய் கடை என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.
ஆறரைக்குத் திறப்பார்கள்
சோறு தீர்ந்தால் அடைப்பார்கள்.
ராத்திரிப் பசிக்கு இங்கே வழியில்லை.

இது பதினோராவது வாய்தா.
குலசேகரம் பஸ் எட்டேகாலுக்கு இறக்கிவிடும்
பெயர் விளிக்கப் பத்தரை தாண்டும்.
இடையில் கிடக்கும் நேரத்தை
புட்டும் பயறும் வைத்துத் தின்று தீர்க்கிறேன்.
பப்படத்தை உள்ளங்கையால் ஒரே நொறுக்கு,
பாளையங்கோட்டன் பழத்தை விரலிடுக்கில் பிசைந்து
புட்டோடு சேர்த்து ஒரு உருட்டு.
அந்த நொறுங்கும் சத்தம் எனக்கு இஷ்டம்.
எட்டு வருஷம்
சத்தம் வராமல் தின்னப் பழகியிருந்தேன்.

சுற்றிலும் மடிக்கு ஒரு ஃபைல்.
வேலித் தகராறு, செக் கேஸ்,
அண்ணன்மேல் வழக்குப் போட்ட ஒருத்தர்
அண்ணனுக்கும் சேர்த்துச் சாயா சொல்லுகிறார்:
'அவருக்குச் சீனி வேண்டாம், கேட்டியா?'
பரிமாறுகிற ஏனோஸ் யார் பக்கமும் இல்லை.
'கடலையா, பயறா?'
அவனுடைய குறுக்கு விசாரணை அவ்வளவுதான்.

ஜட்ஜ் லீவு.
வக்கீல் மோகனகுமாரி படியில் நின்றே தேதி சொன்னாள்,
'வயிறு நெறையத் தின்னுட்டுப் போவும்' என்றாள்.

மத்தியானம் கடையில் கால் வைக்க இடமில்லை.
ஒரே ஒரு நாற்காலி காலி.
எதிரே அவர்.
ஏனோஸுக்கு என்ன தெரியும்.
'எக்கா, இரியுங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லாது.'

இலை விழுந்தது.
சிவந்த சம்பாச் சோறு, பருப்பு,
முருங்கைக்கீரைத் துவரன், மாங்காய் இஞ்சி,
பதிமுகம் போட்ட வெள்ளம் இரண்டு தம்ளர்.
மனுதாரரும் எதிர்மனுதாரரும்
ஒரே நேரத்தில் குனிந்தோம்.

அவர் பொரித்த சாளை சொல்லியிருந்தார்.
அவருக்கு முள் எடுக்கத் தெரியாது.
எடுத்துக் கொடுத்தது நான்தான், எல்லா நாளும்.
இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பழைய பத்திரத்தில் கையெழுத்துத் தேடுவதுபோல
ஒவ்வொரு முள்ளாய் உருவி
இலையோரம் வைக்கிறார்.
கோணலாகத்தான். ஆனாலும் வைக்கிறார்.

என் கை தானே நீண்டது.
பாதி வழியில் புத்தி வந்து
உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பியது.
உப்பு சரியாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

'புளிசேரிக்குப் புளிப்பு கூடுதல்'
என்றார், இலையைப் பார்த்து.
'ம்' என்றேன்.
பதினோரு வாய்தாவில்
எங்களுக்குள் நேரடியாக நடந்த வாதம் இது.

ஏனோஸ் காதிலிருந்து பேனா எடுத்து
ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதினான்.
'ஒண்ணாத்தானே?'
அவர் என்னைப் பார்த்தார்.
நான் சீட்டைப் பார்த்தேன்.
'தனித்தனி.'
அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.
நடுவில் கோடு போட்டான், கிழித்தான்,
இரண்டு இலைக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு
அடுத்த மேசைக்கு ரசம் ஒழிக்கப் போய்விட்டான்.

கோடு ஒரு வழி போயிருந்தது,
கிழிசல் வேறு வழி.
அவருடைய சாளையின் முப்பது ரூபாய்
என் துண்டோடு வந்துவிட்டது.

கல்லாவில் சொர்ணபாய் உதடு அசைத்துக் கூட்டினாள்.
நான் திருத்தவில்லை.
நன்றாகப் பொரித்திருந்தார்கள், வாசனையே சொன்னது.

'அடுத்தது என்னைக்கு?'
எல்லாரிடமும் கேட்பதுதான்.
'பதினாலு.'
'வியாழனா? அன்னைக்கு மரச்சீனியும் நெத்திலியும்.
நெத்திலிக்கு முள் பாக்காண்டாம்'
என்று அவள் உரக்கச் சொன்னது
தொட்டியருகே வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவருக்கும்
கேட்டிருக்கும்.