பலகை எண்

ரியோனி கரையில் எட்டுப் பழைய கைபேசிகள்
பனி உருகத் தொடங்குமுன் காவலுக்கு நிற்க வேண்டும்.
நீர்மட்டம் பார்த்து மணிக்கொருமுறை சொல்ல வேண்டும்.
மால்காஸ் அலுவலக மிச்சப் பணத்தில்
ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தவை.
தயாரித்தவர்கள் இவற்றைக் கைகழுவி நான்கு வருடம்.
நான் லினக்ஸ் போட்டேன்.

ஏழு பேசின.
எட்டாவது, திரையெல்லாம் வெளிச்சம்,
வாயைத் திறக்கவில்லை.

கர்னலின் பதிவேட்டில் ஒரே வரி:
ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை, பிழை, கழித்தல் இரண்டு.
குட்டாய்சியில் அன்றிரவு
ஜன்னலுக்கு வெளியிலும் அதே எண்தான்.

ஒரே பெயர், ஒரே மாடல், சீக்கிரம் கீறல் விழுகிற அதே முதுகு.
கழற்றினால் உள்ளே வேறு மாதம், வேறு ஆலை,
ஆன்டெனா அரை விரல் தள்ளி.
வயர்லெஸ் சில்லு கண் விழித்ததும் கேட்கிறது:
என் பலகை எண் இன்னது, எனக்கான கோப்பு எங்கே?
எந்த அலைவரிசையில் எவ்வளவு உரக்க,
சூடேறினால் எவ்வளவு தணிந்து,
என்று ஆலையில் யாரோ அளந்து எழுதிவைத்தது.
அது இல்லாமல் அதற்குத் தன் குரலே தெரியாது.

ஏழாவதின் கோப்பை எடுத்து
பெயர் மாற்றி, பொய் எண் எழுதி
எட்டாவதில் வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது. அவ்வளவு சுலபமா என்று
எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
மேசைமேல் இருக்கும்வரை பேச்சு.
அடுத்த அறையில் முணுமுணுப்பு.
மாடிப்படியில் ஒன்றுமில்லை.
அடுத்தவர் செருப்பில் ஆற்றங்கரைவரை போக முடியாது.

அதன் சொந்தக் கோப்பு எங்கே இருந்ததென்று தெரியும்.
பழைய ஆண்ட்ராய்டின் மூலையில்,
தயாரிப்பாளரின் பகுதியில்.
அக்டோபரில் நான்தான் அழித்தேன்.
இடம் வேண்டுமென்று ஒரு கட்டளை, ஒரு என்டர்,
பிறகு காபி போடப் போனேன்.

பதினேழு நாள் அதே தொகுதியைத் தேடினேன்.
சந்தைக் கடைகளில் முதுகுப்புறம் திருப்பித் திருப்பி
எண் பார்க்கிற பெண்ணை
திருட்டுப் போனதைத் தேடுகிறவள் என்று நினைத்தார்கள்.
கடைசியில் வாக்கோ.
ஸ்கால்டுபோ வழித்தட மினிபஸ் ஓட்டுகிறவன்.
ஸ்டியரிங் பக்கத்தில் ரப்பர் பட்டையில் மாட்டி
கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த கைபேசி.
வண்டி நிறையும்வரை தருகிறேன், என்றான்.
அதில் என் மகளின் படங்கள் இருக்கின்றன, என்றான்.

முன்சீட்டில் மடிக்கணினி.
இரண்டு பொத்தானை அழுத்திப் பிடித்து சர்வீஸ் முறை.
எழுதவில்லை, படிக்க மட்டும்.
ஒன்பது பேர் ஏறிவிட்டார்கள். பத்தாவது ஒரு கோழிக்கூடை.
தொண்ணூற்றாறு சதவீதத்தில் அவன் எஞ்சினைக் கிளப்பினான்.
நான் இறங்கவில்லை.
ஸ்கால்டுபோவரை போய்த் திரும்பினேன்,
டிக்கெட்டும் எடுத்தேன்.

அறுபது கிலோபைட்.
ஒரு தேய்ந்த புகைப்படத்தைவிடச் சின்னது.
எட்டாவது அன்று மாலை
பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பேசியது.

இனி மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்றால்
உரிமத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.
தடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.
ஆகவே என் பொட்டலத்தில் கோப்பே கிடையாது.
ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மட்டும்:
உங்கள் கைபேசிக்குள் தேடும்,
உங்களுடையதை உங்களுக்கே எடுத்துத் தரும்,
வேறெங்கும் அனுப்பாது.
பொட்டலமா காலி உறையா என்று மால்காஸ் சிரித்தார்.

குறிப்பேட்டின் முதல் வரியை
மூன்று முறை எழுதி அடித்தேன்.
இப்போது இப்படி நிற்கிறது:
எதையும் அழிக்குமுன் நகல் எடுங்கள்.
இரண்டாவது வரி:
நான் எடுக்கவில்லை.

இரவு இரண்டு பத்து.
எட்டாவது சொல்கிறது: மூன்று மீட்டர் பன்னிரண்டு.
மூன்று மீட்டர் பதினான்கு.
மால்காஸை எழுப்பலாமா என்று
இன்னும் ஒரு எண்ணுக்குக் காத்திருக்கிறேன்.