சுவர் இருந்த கோடு

ஜூலையில் இடித்தார்கள்.
ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே
சோவியத் காலத்துச் செங்கல், ஒன்றரைச் சாண் தடிமன்.
தரையில் அதன் கோடு இன்னும் தெரிகிறது.
புதுப் பலகை பழையதோடு நிறம் சேர மறுக்கிறது.

தாலினிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்
கைகளை விரித்து விரித்துக் காட்டினார்:
இங்கே வெளிச்சம். இங்கே உரையாடல்.
இங்கே படிக்கட்டு,
ஏறுவதற்கு அல்ல, உட்காருவதற்கு.
நான் கேட்டது ஒன்றுதான்:
என் மேசை எங்கே?
சிரித்தார்.
இருபத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள்
வேடிக்கைக்குக் கேட்பதாக நினைத்துவிட்டார்.

மணியையும் கழற்றினார்கள்.
முதல் வாரம் முழுக்க
பத்து நாற்பத்தைந்து ஆனதும்
என் வாய் தானாக மூடிக்கொண்டது.

கால அட்டவணைக்குப் பதில் ஒரு தாள்.
திங்கள்தோறும் பிள்ளைகள் நிரப்ப வேண்டும்.
இந்த வாரம் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய்?
யாரிடம் கேட்பாய்?
தெரிந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது கேள்வியை எழுதியவரை
ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

தானெல் 'பனிக்கட்டி' என்று எழுதினான், செப்டம்பரில்.
ஏரி உறையட்டும் என்று
மூன்று மாதம் அதே சொல்லை எழுதிக் கொடுத்தான்.
ஹெலிகே, ரொட்டி ஏன் உப்புகிறது என்றாள்,
மாவை ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டு மறந்துபோனாள்.
மூன்று பையன்கள் உட்காரும் படிக்கட்டில் மல்லாந்து
கூரையைப் பார்த்தபடி கிடந்தார்கள்.
தாளில் 'யோசனை' என்றிருந்தது.
பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

அப்புறம் சத்தம்.
அறுபது பேர் தாமாகவே கற்கும் சத்தம்.
சந்தை இரைச்சல் என்பார்கள்,
சந்தையில் விலையாவது படியும்.

டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.
காவலர் ராய்வோ இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிப்போக,
தானெல் ஏரியில் துளையிட்டு அளந்து வந்தான்:
பதினோரு சென்டிமீட்டர்.
வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.
ஒட்டுவதற்கு ஒரு சுவர் இல்லை.

அந்த வாரம்தான் மிர்தெல் தன் தாளை நீட்டினாள்.
ஒரு வருஷத்தில் என்னிடம்
ஏழெட்டுச் சொல் பேசியிருப்பாள்.
எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய்?
'சுவர் எங்கே வேண்டும் என்று.'
யாரிடம்?
'காதிடம்.'

இரண்டு வாரமாகக் கூடம் முழுக்க நடந்திருக்கிறாள்,
நாற்பது இடத்தில் நின்று, போனில் சத்தத்தை அளந்து,
கட்டம் போட்ட நோட்டில் எண்களை இட்டு,
ஒரே எண்களைக் கோட்டால் இணைத்து.
மலைக்கு உயரக்கோடு போடுவதுபோல்
எங்கள் இரைச்சலுக்குப் போட்டிருந்தாள்.
நான் அதை நடத்தவில்லை.
எட்டாம் வகுப்பில் அது கிடையாது.

பழைய சுவர் இருந்த கோட்டில் அவள் கோடு விழவில்லை.
ரேடியேட்டரிலிருந்து மூன்றாவது தூண்வரை
சாய்வாகப் போனது.

"அந்த முனையைப் பிடியுங்கள்" என்றாள்.
பிடித்தேன். புத்தக அலமாரி, நாலு ஆள் கனம்.
கூரை பார்த்தவர்களில் இருவர் எழுந்து வந்தார்கள்.
மூன்றாமவன் படுத்தபடியே
"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்றான்.
சரியாகத்தான் சொன்னான்.

மூன்று அலமாரிகள். ஓர் ஆள் நுழைய இடைவெளி.
உள்ளே போனால்
சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது போலிருந்தது.
அலமாரி முதுகில் தானெல் தன் பனிக்கட்டியை ஒட்டினான்.
தாலினுக்குத் தகவல் போயிருக்கிறது.
பதில் வரவில்லை.

திங்கள் காலை நானும் ஒரு தாளை எடுத்தேன்.
அந்தச் சாய்வின் மூலையில்,
யாருடைய மேசை என்று தெரியாத மேசையில்.

யாரிடம் கேட்பாய் என்ற இடத்தில்
உடனே எழுதிவிட்டேன்: மிர்தெல்.
முதல் கேள்வி
இன்னும் காலியாக இருக்கிறது.