மூன்று முறை ஊது

எர்ணாவூர் கார்ப்பரேஷன் பள்ளியில்
சத்துணவுக் கூடத்தைக் காலி செய்து கொடுத்தார்கள்.
சாம்பார் வாசனைக்கு நடுவே
எடை மிஷின், பி.பி. கருவி,
மூச்சளக்கும் பிளாஸ்டிக் குழல்,
பை நிறைய அட்டை வாய்முனைகள்.

ஜவ்வாது மலையில் மூன்று நாள் முகாம்.
கயிறு பிடித்துப் பாறை ஏற வேண்டும்,
கூடாரத்தில் தூங்க வேண்டும்.
ஆஸ்பத்திரிக்கு இறங்கி வர ஒன்றரை மணி நேரம்.
ஆகவே கேள் என்கிறது படிவம்.
நாற்பத்தொரு பிள்ளைகளையும் கேட்கிறேன்.

வலிப்பு வருமா?
தூக்கத்தில் நடப்பாயா?
வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா?
'கெடைச்சா ஒத்துக்கும் மிஸ்.'

ஊது என்றதும் ரூபேஷுக்குச் சிரிப்பு.
'எங்கப்பாவத்தான் மிஸ்
டோல்கேட்ல நிக்க வெச்சு
ஊதச் சொல்வாங்க.'

ஏழாம் கேள்வி:
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா?
ஹவுசிங் போர்டு நாலாவது மாடி நிலோஃபர்
யோசித்துக் கேட்கிறாள்,
'கொடத்தோடயா, கொடம் இல்லாமயா?'
படிவம் பிரித்துக் கேட்கவில்லை.
ஓரத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பெற்றோர் பக்கம் முழுக்க
இல்லை, இல்லை, இல்லை.
ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு.
கிளாஸ் லீடர் யாரோ
நாற்பத்தொரு வீட்டுக்கும் அம்மாவாகியிருக்கிறாள்.

பெனிட்டா. பதின்மூன்று வயது,
முப்பத்திரண்டு கிலோ, பதினெட்டு 'இல்லை'.
முதலில் இருநூற்று முப்பது.
அடுத்தது இருநூற்று இருபது.
மூன்றாவது வெறும் இருமல்.
'சளி மிஸ். போன வாரம் மழைல நனைஞ்சேன்.'
போன வாரம் மழை இல்லை.
ஜியாமெட்ரி பாக்ஸைத் திற என்றேன்.
காம்பஸ், பாதி உடைந்த பாகைமானி,
நடுவில் நீல இன்ஹேலர்.

அவள் அழவில்லை.
'பேர அடிச்சிடாதீங்க.
அண்ணன் டார்ச்சு வாங்கிட்டான்.'

அடிக்கவா கேட்கிறேன்?
நடுராத்திரி உனக்கு நெஞ்சு அடைத்தால்
எந்தப் பையில் கை விடுவது என்று
கூட வரும் வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா?
இந்தக் காகிதத்துக்கு வேறு வேலை கிடையாது.
சொல், எப்போது முட்டும்?
ஓடும்போதா, குளிரிலா, புழுதியிலா?
வட்டம் போடப் பேனாவோடு காத்திருந்தேன்.

'வீட்ல இருக்கும்போது.'

அதற்கு வட்டம் இல்லை.
ஜன்னல் விளிம்பில் கை வைத்திருந்தேன் போல,
விரலில் சாம்பல்.
காலையில்தான் ஆயாம்மா துடைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் டாக்டர் வந்தார்.
பெனிட்டாவுக்குப் பத்து நாள் மருந்து,
வாத்தியார் பைக்கு இன்னொரு இன்ஹேலர்.
'தகுதி, நிபந்தனையுடன்' என்று நான் எழுத
கையெழுத்துப் போட்டார்.
நிறுத்தியது ரூபேஷைத்தான்.
ஸ்டெத்தை எடுக்கவே இல்லை வெகுநேரம்.
எக்கோ பார்க்க ஸ்டான்லிக்குச் சீட்டு.
அவனிடம் அதற்கு ஜோக் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம்:
பாறை உச்சியில் பெனிட்டா ஊதுகிறாள்,
கன்னம் பந்தாக.
கீழே வாத்தியார் தட்டியது ஒரே எண், முந்நூற்றுப் பத்து.
மருந்தாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம்.
அதற்கு மேல் சொன்னால்
நர்ஸுக்கு மெமோ வரும்.

ஞாயிறு ராத்திரி பஸ் திரும்பியது.
எர்ணாவூர் நெருங்கும்போது
யாரும் சொல்லாமலே
பிள்ளைகள் கண்ணாடிகளை இழுத்து மூடினார்களாம்.

கேட் பக்கத்தில் ரூபேஷ் நின்றிருந்தான்,
ஸ்டான்லிச் சீட்டு நாலாய் மடிந்து சட்டைப் பையில்.
இறங்கியவளின் மூட்டையை வாங்கக் கை நீட்டினான்.

'நீ தூக்காத' என்றாள் பெனிட்டா.
டார்ச்சை மட்டும் கொடுத்தாள்.