காலிப் பட்டியல்

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு
இருபத்திமூன்று திரைகளை
ஒரே லிங்க்கில் கட்டி
இமாக்குலேட்டுக்கு அனுப்பிவிட்டு
ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வேன்.
காளவாசல் சிக்னலில் நிற்கும்போது
என் வேலை முடிந்துவிட்டதென்று
மனதார நம்பியிருக்கிறேன்.

கோப்பின் பெயர் 'மண்டி இறுதி'.
அடுத்தது 'மண்டி இறுதி புதியது'.
அதற்கும் அடுத்தது
'இதுதான் இறுதி, மற்றதைத் திறக்காதே'.
அவள் மற்றதைத்தான் திறந்திருந்தாள்.

என் படத்தில் வியாபாரியின் பெயர் ரவி.
இருபத்திமூன்று திரையிலும் ரவி.
இரண்டே எழுத்து, பெட்டிக்குள்
காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
அவள் உண்மைப் பெயர்களை ஏற்றினாள்.
மு.வெ. சங்கிலிக்கருப்பன் அன் பிரதர்ஸ்
வெங்காயம் பூண்டு கமிஷன் மண்டி
பெட்டியை உடைத்துக்கொண்டு வந்து
விலையின் மேல் ஏறி உட்கார்ந்தது.
"டிசைனைக் கெடுத்துட்ட" என்றேன்.
"பேரு அவங்க அப்பா வச்சது" என்றாள்.

அதன் பிறகு பத்து நாள்
பேச்செல்லாம் டிக்கெட்டில்தான்.
'எட்டு பிக்சல் தள்ளவும்.'
'முடியாது.'
அதை நான்
'மாட்டேன்' என்று படித்தேன்.
'சின்ன மாற்றம்தான்' என்று நான் எழுதியதை
அவள் எப்படிப் படித்தாள் என்று
கேட்டதில்லை.

வில்லாபுரத்தில்
டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
ஒரு மத்தியானம் கரண்ட் போனது.
யுபிஎஸ் ஒரே ஒரு மானிட்டரைத்தான் தாங்கியது,
அது அவளுடையது.
வேறு வழியில்லாமல்
நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.

திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:
"லோடே வராத அன்னைக்கு
பட்டியல்ல என்ன காட்டணும்?"

நான் வரைந்த பட்டியலில் எப்போதும்
பன்னிரண்டு லாரி நிற்கும்.
எல்லாம் தக்காளி, எல்லாம் முதல் தரம்.
ஒன்றுமே இல்லாத நாளை
நான் வரைந்ததே இல்லை.
ஒரு வருஷமாக
அந்த வெள்ளைத் திரையை
அவளே ஏதோ எழுதி மூடியிருக்கிறாள்:
'தகவல் இல்லை.'

கூரியர் கவரைத் திருப்பிப்போட்டு வரைந்தேன்.
"இது முடியும்" என்றாள்.
"இது முடியாது, அங்கிட்டு வைங்க, முடியும்."
அப்போதுதான் தெரிந்தது,
முடியாதுக்குள்
எத்தனை அங்கிட்டு இருக்கிறதென்று.

வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு
இருவரும் பரவை மார்க்கெட்டுக்குப் போனோம்.
கணக்குப்பிள்ளை தவமணி
எங்கள் ஆப்பைத் திறந்தார்.
கத்திரிக்காய் ஈரம் பட்ட கட்டைவிரல்,
விரிசல் விட்ட கண்ணாடி.
நான் மாதக்கணக்காய்ச் சலித்துத் தேர்ந்த
மென்சாம்பல் எழுத்து
மெர்குரி வெளிச்சத்தில் காணாமல் போனது.
போனைச் சாய்த்தார், முகத்தருகே கொண்டுபோனார்,
"எழுதிருக்கா இல்லையாம்மா?" என்றார்.
அவள் பக்கம் அந்த வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.
அது நிற்பதற்குள்
ஒரு வண்டி சௌசௌவை
பென்சிலால் விற்று முடித்திருந்தார்.

தப்பு உன்னதா என்னதா என்று
கேட்கத் தோன்றவில்லை.

டீக்கடை பெஞ்சில்
யாரோ விட்டுப்போன சிட்டையின் பின்பக்கம்
அவள்தான் முதலில் வரைந்தாள்.
கோடு கோணல், பெட்டி நெளிசல்.
"வட்டம் சுத்துற நேரத்துல
கடைசி விலையக் காட்டிறலாம்.
எனக்கு அது ஈசி."
"பழைய விலைன்னு தெரியணுமே,
சாம்பல்ல போடலாம்" என்றேன்.
"சாம்பலா?" என்றாள்.
டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்.

இப்போது பாதி வரைந்ததையே
செவ்வாய்க்கிழமை காட்டிவிடுகிறேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது,
சட்டைக்குப் பொத்தான் போடாமல்
வாசலுக்கு வந்ததைப் போல.
ரவியை எல்லாத் திரையிலிருந்தும் அனுப்பிவிட்டேன்.
சங்கிலிக்கருப்பன் இரண்டு வரியில்
வசதியாக உட்கார்ந்திருக்கிறார்.

நேற்றும் சண்டைதான்.
பொத்தானுக்குக் கீழே நிழல் வேண்டுமா என்று
அரை மணி நேரம்.
நிழல் போயிற்று.
எனக்கு இன்னும் வருத்தம்தான்.

'முடியாது' என்று டிக்கெட் வந்தால்
நாற்காலியோடு கிளம்பிவிடுகிறேன்.
ஒரு சக்கரம் இறுகிக் கிடக்கிறது.
இழுக்கிற சத்தத்துக்கு
கீழேயிருந்து டயர் கடை அன்வர்தீன்
கத்துகிறார்:
"ஆயில் போட்டுத் தொலைங்கய்யா!"