பக்கம் பதினைந்து ரூபாய்

தம்புச் செட்டித் தெருவில்
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்,
அதனால் பன்னிரண்டு வருஷமாக
உட்கார்ந்தே இருக்கிறேன்.
அஃபிடவிட், வக்காலத்து, வாடகை ஒப்பந்தம்,
உயில்.
பக்கம் பதினைந்து ரூபாய்.
அவசரம் என்றால் இருபது.
எல்லாருக்கும் அவசரம்.

ஜூன் முதல் செவ்வாய்,
திரையின் நெற்றியில் சிவப்புப் பட்டை.
உரிமம் முடிந்துவிட்டதாம்.
எழுத விடவில்லை, பார்க்க மட்டும் விட்டது
நானே அடித்த நாலாயிரம் கோப்புகளையும்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுக்கிய
ஜாங்கிரி மாதிரி.

ஒரு மிஷினுக்கு வருஷம் ஆறாயிரம்.
என்னிடம் இரண்டு.
பக்கக் கணக்கில் மாற்றிப் பார்த்தேன்:
எண்ணூறு பக்கம்.
மே முழுக்கக் கோர்ட்டுக்கு லீவு.
கல்லாவில் கிடந்தது சில்லறையும்
ஒரு கிழிந்த ஐம்பதும்.

பர்மா பஜார் நசீர்
முந்நூறு ரூபாய்க்குப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்றான்.
போன முறை அவன் உடைத்த வழியாகத்தான்
எவனோ உள்ளே வந்து
ஒன்பது உயில்களைப் பூட்டி
டாலரில் சாவி விற்றான்.
இரண்டு உயிலுக்கு உரியவர்கள்
அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
போன் இணையத்தில்
லிப்ரே ஆபீஸை இறக்கினேன்.
துறைமுகத்தில் கப்பல் இரண்டு முறை ஊதியது,
பாதிதான் வந்திருந்தது.
காசு கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை,
பெயர்கூடக் கேட்கவில்லை.
பயமாக இருந்தது.
பெயர் கேட்காத ஒருவனை
இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

"ஓசியா?" என்றார் குமாஸ்தா ஏகாம்பரம்.
ஓசி என்றால் அவருக்குப்
பின்வாசலில் எவனோ நிற்கிறான்.
உங்க வீட்டு விலையில்லா மிக்சி
ஏழு வருஷமா சட்னி அரைக்குதே சார் என்றேன்.
"அது நம்ம காசும்மா."
இதுவும் யாரோ ராத்திரி கண்விழித்து எழுதியதுதான்.
யாருடைய காசு என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய கோப்பைத் திறந்தேன்.
முதல் பக்கம் சமர்த்தாக இருந்தது.
இரண்டில் கட்டங்கள் சரிந்தன,
மார்ஜின் கால் அங்குலம் விலகியது,
'உண்மையென உறுதி கூறுகிறேன்' மட்டும்
எட்டாம் பக்கத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தது,
பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி போல.
பழைய எழுத்துருவின் ஸ்ரீ எல்லாம்
சின்னச் சதுரமாகி,
ஸ்ரீராமுலு பெட்டிராமுலு ஆனார்.
மூன்று நாள் திட்டினேன்.
நாலாம் நாள் விரல் பழகிவிட்டது,
வாய் இன்னும் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை
காசிமேட்டிலிருந்து அமலோற்பவம் வந்தாள்,
இடுப்பில் தூங்கும் பையனோடு.
ஜீவனாம்ச மனு.
வக்கீல் போனில் சொல்லச் சொல்ல அடித்தேன்.
மாதம் ரூபாய் ஆறாயிரம்.
விரல் ஒரு நொடி நின்றது.
கட்ட இயலாது என்பார் எதிர்மனுதாரர்.
அந்தப் பதிலும்
என்னிடமே அடிக்க வரலாம்,
அதே நாற்காலி, அதே விலை.

உறுதிமொழி இந்த முறை ஏழிலேயே நின்றது.
ஏழு பக்கம், நூற்றைந்து.
"மிஷின் காசு கேக்கலைன்னு
அவர்கிட்ட சொன்னீங்களே" என்றாள்.
மிஷின் கேக்கலம்மா, நான் கேக்கறேன்.
சிரித்து நூறு கொடுத்தாள்.
பாக்கி ஐந்து என்று சுவரில் எழுதினேன்.

கட்டற்ற மென்பொருள் என்று
தமிழில் இதற்குப் பெயராம்.
பணம் கட்ட வேண்டாதது என்று நினைத்திருந்தேன்.
கட்டிப்போடாதது என்றுதான் அர்த்தம் என்கிறார்கள்.
ஏகாம்பரம் அந்த ஏழு பக்கத்தையும்
மேசையில் தட்டிச் சேர்த்து,
துளை போட்டு,
பச்சை நாடாவால்
இறுக்கிக் கட்டினார்.