நீலத்தாள்

செத்தாபாக்கில், பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கிவிட்ட
பேரங்காடியின் ஏழாம் மாடி.
கூரை கிடையாது. வாடிக்கையாளர் கார்கள்
நான்காம் மாடியோடு நின்றுவிடும்.
ஞாயிறு மதியங்களில்
பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் போட்டு
எங்களுக்கு ஒரு பந்தயத் தடம்.

பத்தில் ஒரு பங்கு கார் என்னுடையது.
அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே
ஐந்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
ஒரு நெல்மணி படுத்துக்கொண்டால் புகும்.
எழுந்து நின்றால் இடிக்கும்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும்.
வெயில் ஏறி, தரை டயரைப் பற்றிக்கொள்ளத் தொடங்கியதும்
நீள வளைவுக்குச் சற்று முன்னால்
இரண்டு காங்கிரீட் பாளங்கள் சேரும் கோட்டில்
ஒரு துள்ளல்.
பிறகு கூரை கீழே, சக்கரம் மேலே.
நான்கு தடவை.
நான்கு தடவையும் ஓடிப்போய் நிமிர்த்தி வைத்த ரிஸ்மான்
மூச்சு வாங்கச் சொன்னான்:
"ஹெல்மெட் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, கக்."

ஷாக்கில் எண்ணெயைக் கனமாக்கு என்றான் வெய் லூன்.
முன் ஸ்பிரிங் மஞ்சள் வேண்டாம், வெள்ளை போடு
என்றார் கோமளேசன்.
கேம்பர் இன்னும் அரை டிகிரி
என்றது யாரோ ஒரு குடை.
ஆளுக்கொரு வைத்தியம்.
நோயாளி மல்லாந்து கிடந்தது.

திங்கள் முதல் சனிவரை
ஜாலான் ஈப்போவில் நான் பல் செய்கிறவள்.
செராமிக் பல்.
பொருந்துகிறதா என்று கண்ணைக் கேட்டால்
எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும்.
அச்சுத் தாடைகளுக்கு இடையே
நீலத்தாளை வைத்துக் கடிக்கவிட வேண்டும்.
மேடாக இருக்கும் இடம்
தானே மை பூசிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

பையில் ஒரு கட்டு கிடந்தது.
இரண்டு தாளைக் கிழித்து அந்தக் கோட்டின்மேல் ஒட்டினேன்.
முழு வேகத்தில் விட்டேன்.
துள்ளியது, ஒருக்களித்தது,
என்ன நினைத்ததோ கவிழவில்லை.
திருப்பிப் பார்த்தால்
நகக்கண் அகலத்தில் ஒரு நீலம்,
இடது முன் மூலையில் மட்டும்.
வலப்பக்கம் துடைத்துவிட்டது போல.

உயரம் அல்ல. கோணல்.

கண்ணாடிப் பலகையில் வைத்தேன்.
சமையல் தராசு நான்கு, சக்கரத்துக்கு ஒன்றாக.
இடது முன்னில் பதினெட்டு கிராம் கூடுதல்.
ஸ்பிரிங் கழுத்தைத் திருகினால்
இந்த மூலை சமாதானமாகும்,
எதிர் மூலை முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.
அவிழ்த்தேன். பூட்டினேன். அவிழ்த்தேன்.
கடைசியில் அகப்பட்டது
மேல் தட்டில் ஒரு திருகாணி.
போன வாரம் தூணில் மோதியபின்
ஆத்திரத்தில் நான் முறுக்கியது.
கார்பன் தகடு அந்த முறுக்கை
ஏழு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு
வைத்திருந்திருக்கிறது.

கால் திருப்பு தளர்த்தினேன்.
டிக்.
நான்கு சக்கரமும் கண்ணாடியில் உட்கார்ந்த சத்தம்.
வெய் லூன் கச்சான் மெல்வதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்.

முன்னும் பின்னும் இன்னொரு நூலிழை உயர்த்தினேன்,
அந்தக் கோட்டுக்கு மரியாதையாக.
அப்போதுதான் கெந்திங் பக்கம் இருட்டியது.

முதல் துளி தராசில் விழுந்தது. ஒரு கிராம் காட்டியது.
அடுத்தது எண்ண விடவில்லை.
பேட்டரி, டிரான்ஸ்மிட்டர், நாற்காலி, கச்சான் பொட்டலம்,
வாரிக்கொண்டு படிக்கட்டு வாசலுக்கு ஓடினோம்.
நீலத்தாள் கரைந்து
கோட்டோடு ஒரு மெல்லிய ஓடையாகப் போய்
வடிகாலில் இறங்கியது.

மடியில் கண்ணாடிப் பலகை, அதன்மேல் கார்.
விரலால் அழுத்தினேன். இறங்கியது.
எடுத்தேன். அவசரமில்லாமல் ஏறியது,
நான்கு மூலையும் ஒரே மூச்சாக.
கீழே எல்.ஆர்.டி. போனபோது படி லேசாக நடுங்கியது.
காரும் நடுங்கி
இருந்த இடத்துக்கே வந்து நின்றது.

குறிப்பேட்டில் எழுதினேன்.
முன் ஐந்து புள்ளி நான்கு. பின் ஐந்து புள்ளி ஆறு.
எண்ணெய், ஸ்பிரிங், கேம்பர்: மாற்றமில்லை.
மேல் தட்டுத் திருகாணி: கால் திருப்பு.
சுற்று நேரம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை ஊன்றியிருந்துவிட்டு
மழை என்று போட்டேன்.