நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை

தை இரண்டாம் ஞாயிறு, காலை ஏழேகால்.
விஜயநாராயணம் குளத்துக்கு மேற்கே
உடைமரம் வெட்டிய பொட்டல்.

பழுப்பு.
முதுகில் கோடு, மார்பில் கோடு.
புல் அந்த நிறம். மண் அந்த நிறம்.
பைக்கில் மாட்டியிருந்த என் தோல்பையும்
ஏறக்குறைய அந்த நிறம்.

வானம்பாடி என்றேன்.
பெனிட்டா பைனாகுலரை இறக்கவில்லை.
பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு.
ஒன்றுபோல் இருக்கும் வட்டங்களை
நாள் முழுக்க எண்ணுகிறவள்.
"வாலப் பாருங்க. ஆட்டுது."

வானம்பாடி வாலை ஆட்டாது.
தடித்த அலகும் குட்டைக் கழுத்துமாக
ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன்போல
குந்தியிருக்கும்.
இதுவோ நாலெட்டு ஓடுகிறது, நிற்கிறது,
நிமிர்ந்து பார்க்கிறது,
மறுபடி நாலெட்டு.
சரி, நெட்டைக்காலி.

எந்த நெட்டைக்காலி?
வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கும் வயல் நெட்டைக்காலியா,
மங்கோலியாப் பக்கமிருந்து
பனிக்காலத்துக்கு மட்டும் வந்துபோகும் பெரியதா?
பெரியது என்றால் எதைவிடப் பெரியது?
பக்கத்தில் இன்னொன்று நின்றால்தானே.
பின்விரல் நகத்தைப் பார்க்க வேண்டும்.
நகம் புல்லுக்குள் இருந்தது.
குரலைக் கேட்க வேண்டும்.
ஜல்லி லாரி ஒன்று கடந்துபோனது,
குரலையும் ஏற்றிக்கொண்டு.

மூலைக்கரைப்பட்டியில் நான் வங்கிக் காசாளர்.
எங்கள் கிளையில் நான்கு இசக்கியம்மாள்.
மூவருக்குக் கணவர் பெயர் சுடலைமுத்து.
அதில் இருவர் ஒரே தெரு.
சேர்ந்த புதிதில்
ஒருத்தியின் பீடிச் சுற்றுக் கூலியை
இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.
ஆயிரத்து நானூற்று இருபது.
மறுநாள் நோட்டு மடங்காமல் கொண்டுவந்து
கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.
"நான் அவ இல்ல சார்."
அவ்வளவுதான் சொன்னாள்.
கோபமாகச் சொல்லியிருந்தால்
இத்தனை நாள் ஞாபகம் இருந்திருக்காது.

முகத்தைப் பார்ப்பதை அதன்பிறகு விட்டேன்.
கீழத்தெரு இசக்கியம்மாள்
வரிசையில் நிற்கையில் பாரத்தை இடதுகாலில் போடுவாள்.
அடுத்தவள் பாஸ்புக்கை இடுப்பில் செருகி வருவாள்,
பக்கங்கள் வேர்வையில் ஒட்டியிருக்கும்.
மூன்றாமவள் பேசுமுன் ஒருமுறை செருமுவாள்,
கூட்டமான நாளிலும் அது கேட்கும்.
நான்காமவளிடம்
இன்றைக்கும் ஆதார் கேட்கிறேன்.

பறந்துவிட்டது.
எழும்போது ஒரேயொரு சத்தம்.
எனக்கு அது 'ஷ்ரீப்' என்று நீண்டு கேட்டது.
பெனிட்டாவுக்கு வெறும் 'ச்சிப்'.
எனக்கு அப்படிக் கேட்டதற்கு
மங்கோலியாவும் ஒரு காரணமாக இருக்கலாம்.
திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்ல
ஏதாவது வேண்டியிருந்தது.

போட்டோவைப் பெரிதாக்கினோம்.
பழுப்புக் கட்டங்கள்.
இன்னும் பெரிதாக்கினோம்.
இன்னும் பெரிய பழுப்புக் கட்டங்கள்.

நோட்டில் பெனிட்டா எழுதினாள்:
நெட்டைக்காலி, 1. இனம் தெரியவில்லை.
"பெரியதுன்னு போட்டா யாரு வந்து கேக்கப்போறா?"
என்றேன்.
"ஸ்லைடு தெளிவா இல்லன்னா
தெளிவா இல்லன்னுதான் சார் எழுதிக் கொடுப்போம்."
பேனாவை மூடினாள்.

பைக்கை எடுக்கும்போது
கரைமேல், மடைக்குப் பக்கத்தில், ஒன்று.
பழுப்பு. கோடு.
நாலெட்டு ஓடி நின்றது.
அதுதானா, வேறொன்றா?
வந்து இறங்கியதை இருவரும் பார்க்கவில்லை.

பெனிட்டா பேனாவைத் திறந்து
எழுதிய ஒன்றுக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.
நான் வண்டியை அணைத்தேன்.